கணித ஆசிரியரின் பெயர் எங்கள் பள்ளிக்கூடத்தில், ஆள் நகரப் பாடசாலையில்: பெற்றோர் என்ன செய்யலாம்?

முருங்கையடி எழுதியது:

வணக்கம். யாழ் மாவட்டத்தில் கரையோரக் கிராமமொன்றில் உள்ள வகை 2 பாடசாலை. தரம் 1 முதல் 11 வரை வகுப்புக்கு ஒரு பிரிவு, மொத்தம் 160 பிள்ளைகளுக்குக் கிட்ட. கணிதத்துக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார், ஆனால் கடதாசியில் மட்டும். போன வருடம் இரண்டாந் தவணையிலிருந்து அவர் நகரத்தில் ஒரு 1ஏபி பாடசாலைக்கு (உயர்தர விஞ்ஞானப் பிரிவும் இருக்கிற பெரிய பாடசாலை) தற்காலிக இணைப்பில் போய்விட்டார். சம்பளப் பட்டியலில் பெயர் இன்னும் எங்கள் பள்ளிக்கூடத்தின் கீழ்தான் கிடக்கிறது. போய்க் கேட்டால் "உங்களுக்கு ஆளணி (ஒதுக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை) நிரம்பியிருக்கு, வெற்றிடமே இல்லை" என்று பதில்.

இந்த வருடம் பாடசாலை அபிவிருத்திச் சங்க நிர்வாகத்துக்குப் பெற்றோர் பக்கத்தால் தெரிவானவர்களில் நானும் ஒருத்தி. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. யாருக்கு எழுதினால் கடிதம் குப்பைக்குப் போகாது? தகவல் அறியும் சட்டத்தில் இதைக் கேட்கலாமா, ஆசிரியரின் தனிப்பட்ட விடயம் என்று தட்டிவிடுவார்களா? கனடாவில் இருக்கிற பழைய மாணவர்கள் சம்பளம் கொடுத்து ஒரு தொண்டர் ஆசிரியரைப் போடலாம் என்கிறார்கள், அது சரியா? அதிபர் நல்லவர், ஆனால் "சத்தம் போடாதேங்கோ" என்கிறார். சத்தம் போட்டால் பிள்ளைகளுக்குப் பாதிப்பு வருமோ என்ற பயமும் பெற்றோருக்கு இருக்கிறது.

கணக்கன் எழுதியது:

முதலில் "ஆசிரியர் இல்லை" என்ற சொல்லை விடுங்கோ. அதற்கு அவர்களிடம் தயார்ப் பதில் இருக்கிறது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆளை எண்ணினால் தோற்பீர்கள். பாடவேளையை எண்ணுங்கோ.

கணக்கு இப்படி. தரம் 6 முதல் 11 வரை ஆறு வகுப்பு. கணிதத்துக்கு வாரம் 5 பாடவேளை என்று எடுத்தால் 30. (உங்கள் நேரசூசியில் வேறு எண் இருந்தால் அதைப் போடுங்கோ.) பாடவேளை 40 நிமிடம் என்றால் வாரத்துக்கு 20 மணித்தியாலம். பரீட்சை, இல்ல மெய்வல்லுநர் போட்டி, விடுமுறை எல்லாம் கழித்து தவணைக்கு 10 வாரம் உருப்படியாக நடந்தது என்று வைத்தால் 300 பாடவேளை. இந்த 300 ஐ மூன்றாகப் பிரிக்க வேண்டும்: கணிதம் படிப்பிக்கத் தகுதியுள்ளவர் எடுத்தது, வேறு பாட ஆசிரியர் உண்மையாகவே கணிதம் எடுத்தது, யாரோ வந்து இருந்து பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்தது. மூன்றாவதுதான் பெரிய ஏமாற்று. பதிலுக்கு வந்த ஆசிரியர் கையொப்பம் வைத்தால் பதிவேட்டில் பாடம் நடந்ததாகத்தான் தெரியும்.

தரவு எங்கே எடுப்பது? வகுப்பில் பாடவேளைக்குக் கையொப்பமிடும் பதிவேடும், பதிலுக்கு ஆசிரியரை விடும் கொப்பியும் பாடசாலையில் இருக்கும். அதை அதிபர் காட்டத் தயங்கினால் பிள்ளைகளின் கணிதக் கொப்பியே போதும். வகுப்புக்கு மூன்று பிள்ளையின் கொப்பியை எடுத்து, திகதி போட்ட பக்கங்களை எண்ணுங்கோ. ஒரு கொப்பி மட்டும் எடுத்தால் "அந்தப் பிள்ளை வரவில்லை" என்று சொல்லித் தப்பிவிடலாம். மூன்றிலும் ஒரே இடைவெளி என்றால் அப்படிச் சொல்ல முடியாது. நான்கு வாரம் செய்தால் காணும், முழுத் தவணையும் காத்திருக்கத் தேவையில்லை.

இதை ஒரு பக்க அட்டவணையாக்குங்கோ. இடப்பக்கம் தரம், பிறகு நடக்க வேண்டிய பாடவேளை, நடந்தது, யார் எடுத்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற தரம் 11 ஐ மேலே போடுங்கோ. "நான்கு வாரத்தில் தரம் 11 க்கு 20 கணிதப் பாடவேளை நடந்திருக்க வேண்டும், இத்தனைதான் நடந்தது" என்ற ஒரு வரி, பத்துப் பக்கக் கண்ணீர்க் கடிதத்தை விடப் பாரமானது. அதற்கு "ஆளணி நிரம்பியிருக்கு" என்பது பதிலாகாது.

இன்னொன்று. இணைப்பில் போன ஆசிரியரைக் குறை சொல்லி ஒரு சொல்லும் எழுதாதேங்கோ. அவருக்கு நோயோ, கைக்குழந்தையோ, உண்மையான காரணம் இருக்கலாம். ஆளைப் பிடித்து எழுதினால் பதிலும் ஆளைப் பற்றித்தான் வரும், பிள்ளைகளின் பாடம் மறந்துபோகும்.

வெள்ளைச் சோக் எழுதியது:

கணக்கன் சொன்ன அட்டவணை கையில் இருந்தால் அடுத்தது யாரிடம் கொடுப்பது என்பது.

உங்களுடையது மாகாணப் பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் இருக்கிற மத்திய கல்வி அமைச்சுக்கு எழுதிப் பயனில்லை, மாகாணத்துக்கு அனுப்பிவிட்டு இருப்பார்கள். தேசிய பாடசாலைகள் மட்டும்தான் நேரடியாக மத்திய அமைச்சின் கீழ். யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயம். உங்கள் ஆசிரியர் போன பாடசாலை உங்கள் வலயத்துக்குள்ளேயா, வெளியேயா என்று முதலில் பாருங்கோ. வலயத்துக்குள் என்றால் வலயக் கல்விப் பணிப்பாளரோடு கதைத்து முடிக்கிற விடயம். வலயம் தாண்டியது என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கடிதம் ஒன்று எங்கோ இருக்கும், வலயத்தில் எவ்வளவு கதைத்தாலும் "எங்கள் கையில் இல்லை" என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். போன இடம் தேசிய பாடசாலை என்றால் இன்னும் சிக்கல், இரண்டு நிர்வாகம் சம்பந்தப்படும்.

அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கடிதம் அனுப்பாதேங்கோ. சங்கத்தின் தலைவர் அதிபர்தான். அவர் அரச அலுவலர், தாபன விதிக்கோவைக்கு (அரச ஊழியருக்கான விதிகள்) கட்டுப்பட்டவர், மேலதிகாரிக்கு மேலால் பாய்ந்து முறைப்பாடு செய்ய முடியாது. அவர் "சத்தம் போடாதேங்கோ" என்பதில் அரைவாசி அந்தப் பயம். ஆகவே இரண்டு கடிதம். அதிபர் தன் முறைப்படி கோட்டக் கல்விப் பணிப்பாளர் (கோட்டம் என்பது வலயத்தின் ஒரு உட்பிரிவு) ஊடாக வலயத்துக்கு எழுதுவது ஒன்று. பெற்றோர் பெற்றோராகவே கையொப்பமிட்டு எழுதுவது மற்றது. உங்கள் கடிதத்தின் பிரதியை அனுப்ப முதல் அதிபருக்குக் காட்டுங்கோ. அனுமதிக்காக அல்ல, வலயத்தில் இருந்து தொலைபேசி வரும்போது அவர் திகைத்துப்போய் நிற்கக்கூடாது என்பதற்காக.

கடிதம் ஒரு பக்கம். மூன்று வேண்டுகோள், அவற்றில் ஒன்றாவது அவர்களால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஒன்று, இணைப்பை இன்ன திகதியோடு முடித்து ஆசிரியரைத் திருப்பி அனுப்புங்கோ. முடியாதென்றால், இணைப்பு முடியும்வரை ஈடாக இன்னொரு கணித ஆசிரியரை இணைப்பில் தாருங்கோ. அதுவும் முடியாதென்றால், அவரை நிரந்தரமாக இடமாற்றி எங்கள் இடத்தை வெற்றிடம் என்று எழுத்தில் காட்டுங்கோ. மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. ஆனால் வெற்றிடம் என்று பதிவானால்தான் அடுத்த நியமனத்திலோ வருடாந்த இடமாற்றத்திலோ உங்கள் பாடசாலையின் பெயர் பட்டியலில் வரும். வருடாந்த இடமாற்றம் வழக்கமாக ஜனவரியில் நடைமுறைக்கு வரும், அதற்கான வேலை முந்தின வருட நடுப்பகுதியிலேயே தொடங்கிவிடும். நவம்பரில் கடிதம் கொண்டுபோனால் பஸ் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

கையொப்பம் தரம் 11 பெற்றோரோடு நிற்கக்கூடாது. தரம் 6, 7 பெற்றோரின் கையொப்பம் அதிகம் வேண்டும். தரம் 11 பிள்ளைகள் பரீட்சை முடிந்தால் போய்விடுவார்கள், விடயமும் அவர்களோடு போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளின் பெயர் போடாதேங்கோ, தரம் மட்டும் போதும். நாற்பது கையொப்பம் இருக்கிற கடிதத்துக்காக ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்துப் பழிவாங்குவது கஷ்டம். நாலு கையொப்பம் என்றால் அந்தப் பயம் நியாயமானது.

பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கோ. நேரே கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கோ.

நேரசூசி எழுதியது:

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தை வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்குக் கொடுங்கோ. படிவம் இருக்கிறது, சாதாரணக் கடிதமும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் அதை எழுத்தில் எடுக்க வேண்டும். கிடைத்ததற்கான எழுத்து மூலமான உறுதிப்படுத்தலை வாங்காமல் வெளியே வராதேங்கோ, காலக்கெடு அங்கிருந்துதான் ஓடும்.

தனிப்பட்ட விடயம் என்று தட்டிவிடுவது கேள்வி பிழையாக இருந்தால் மட்டும் நடக்கும். "இன்ன ரீச்சரை ஏன் மாற்றினீர்கள்" என்று கேட்டால் எந்தத் தகவலை மறுக்கலாம் என்று சொல்கிற 5 ஆம் பிரிவைக் காட்டி மறுக்க இடம் உண்டு. பெயர் கேட்காதேங்கோ, எண்ணும் திகதியும் கேளுங்கோ. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இந்த வருடத்தில் எமது கோட்டத்திலுள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் கணிதத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை? அந்த ஆளணியின் கீழ் சம்பளம் பெறுவோர் எத்தனை பேர்? அவர்களில் வேறு பாடசாலைக்கோ அலுவலகத்துக்கோ இணைப்புச் செய்யப்பட்டோர் எத்தனை பேர்? ஒவ்வொரு இணைப்பும் தொடங்கிய திகதி, முடியும் திகதி, அனுமதித்த அலுவலரின் பதவி, இணைக்கப்பட்ட பாடசாலையின் வகை."

கோட்டம் முழுவதற்கும் கேட்பது முக்கியம். உங்கள் ஒரு பாடசாலைக்கு மட்டும் கேட்டால் அது ஒரு தனி முறைப்பாடு. கோட்டம் முழுவதும் வந்தால், சிறு பாடசாலைகளின் கணக்கில் இருக்கிறவர்கள் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறார்கள் என்ற படம் தெரியும். முடியும் திகதி கேட்பதில்தான் உண்மையான பிடி. தற்காலிகம் என்று சொல்லப்படுகிற இணைப்புக்கு முடியும் திகதி இல்லை என்று அவர்களே எழுத்தில் தந்தால், அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மேலே எங்கேயும் போகலாம்.

நாட்கணக்கு: தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். தருகிறோம் என்று தீர்மானித்தால் அதிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும், சில காரணங்களுக்கு இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அந்த அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இதெல்லாம் கூட்டினால் மாதக் கணக்கில் போகும். ஆகவே கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து விண்ணப்பம் போடாதேங்கோ, இரண்டையும் ஒரே கிழமையில் போடுங்கோ. சங்கத்தின் பெயரில் போடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் வெள்ளைச் சோக் சொன்ன அதே சிக்கல் வரும். தனி ஒருவர் தன் பெயரில் போடுவதுதான் சுத்தம். தமிழில் எழுதினால் போதும்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை, அதாவது சட்டத்தின் முன் சமம் என்பது, அதன் கீழ் முறையிடலாம். செலவில்லை. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் போட வேண்டியது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. எப்போதோ தொடங்கிய இணைப்புக்கு இந்த ஒரு மாதம் எங்கிருந்து ஓடுகிறது என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி. புதிதாக எழுத்தில் ஒரு மறுப்பு வந்தால் அன்றே கேளுங்கோ.

முற்றத்து வேம்பு எழுதியது:

எல்லோரும் வலயத்தைப் பார்த்தே கதைக்கிறீர்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் கொஞ்சம் பாருங்கோ.

கணித ஆசிரியர் இல்லாத இடத்தில் அதிபர்கள் வழக்கமாகச் செய்வது, கணிதம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துத் தரம் 11 க்கு விடுவது. பெறுபேறு வர வேண்டும் என்ற அவசரம், விளங்குகிறது. ஆனால் தரம் 6, 7 இல் பின்னமும் தசமமும் பிடிபடாமல் போன பிள்ளைக்குத் தரம் 11 இல் கடைசி ஆறு மாதம் என்ன ஊட்டினாலும் செரிக்காது. தரம் 5 புலமைப்பரிசில் வகுப்பும் அப்படித்தான். ஆரம்பப் பிரிவின் கெட்டிக்கார ரீச்சரை அங்கே நிரந்தரமாக வைத்துவிட்டு, தரம் 1, 2 க்குக் கிடைத்தவரை விடுகிறார்கள். நகரம் கிராமத்துக்குச் செய்கிறது என்று நாங்கள் குறை சொல்வதையே, எங்கள் பள்ளிக்கூடம் தரம் 6 பிள்ளைக்குச் செய்கிறது.

ஈடாக ஆள் வரும்வரை, பக்கத்துப் பாடசாலையோடு ஒரு கணித ஆசிரியரைப் பங்கிடக் கேட்கலாம். கிழமைக்கு மூன்று நாள் உங்களுக்கு, இரண்டு நாள் அங்கே. அதிபர்கள் இருவரும் ஒத்துக்கொண்டு வலயத்தின் எழுத்தும் வேண்டும். ஒரு நாளுக்கு 8 பாடவேளை, அதில் ஒன்று ஓய்வு என்று விட்டால் மூன்று நாளில் 21. தரம் 10, 11 க்கு ஐந்தைந்து, 8, 9 க்கு நந்நான்கு, கூட்டினால் 18. மிச்சம் 3 இல் தரம் 6, 7 ஆசிரியரோடு உட்கார்ந்து பாடம் திட்டமிடலாம். 6, 7 ஐ விஞ்ஞான ஆசிரியரோ ஆரம்பப் பிரிவில் கணிதம் நன்றாக வருகிறவரோ எடுக்கலாம். தரம் 10, 11 க்கு இரட்டைப் பாடவேளையாகப் போடுங்கோ, மூன்று நாளுக்குள் ஐந்து கொள்ள வேறு வழியில்லை.

இது எங்கே உடையும் என்றால், அரைநாள் அரைநாளாகப் பிரிக்கிறபோது. காலையில் ஒரு பள்ளி, இடைவேளைக்குப் பிறகு மற்றப் பள்ளி என்று போட்டால் பஸ்ஸிலேயே இரண்டு பாடவேளை போகும், ஒரு மாதத்தில் ஆசிரியர் களைத்துவிடுவார். முழு நாளாகத்தான் பிரிக்க வேண்டும். வரவு இடாப்பு எங்கே, லீவு யாரிடம் கேட்பது, தவணைப் பரீட்சைத் தாள் திருத்துவது யார் என்பதை முதல் கிழமையே எழுதி வைக்காவிட்டால் இரண்டு அதிபருக்கும் நடுவில் அவர் நசிவார்.

நகரப் பாடசாலையை எதிரியாக்கிக் கதைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. அங்கே வகுப்பு நிரம்பி வழிவதும் எங்கள் ஆட்களால்தான். வசதியுள்ளவர் பிள்ளையை வான் பிடித்து நகரத்துக்கு அனுப்புகிறார். இங்கே எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கையைப் பார்த்து ஆளணி குறைகிறது. ஆளணி குறைந்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் அனுப்புகிறார். கடைசியில் மிஞ்சுவது யாருடைய பிள்ளைகள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 1930 இல் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்று சண்டை பிடித்த மண். 1957 இல் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகச் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டமும் வந்தது. இன்றைக்கு ஒரு பிள்ளையையும் நிலத்தில் இருத்துவதில்லை, பள்ளிக்கூடமே இரண்டாகப் பிரிந்து போயிருக்கிறது.

பனங்குருத்து எழுதியது:

கனடாக் காசு விடயத்துக்கு மட்டும் வருகிறேன்.

தொண்டர் ஆசிரியரைப் போட்டால் பாடவேளை நிரம்பும், கணக்கன் சொன்ன அட்டவணையில் ஓட்டை மறையும், வலயத்துக்கு நிம்மதி. நீங்கள் கேட்கிற பலத்தை நீங்களே காசு கொடுத்துக் குறைக்கிறீர்கள். காசு நின்றதும் அந்தத் தொண்டர் ஆசிரியரின் நிலை என்ன? வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வருடக் கணக்காக வீதியில் இருந்ததை எல்லோரும் பார்த்தோம். மாதம் சிறு தொகைக்கு ஒரு பட்டதாரியை வைத்திருந்து பிறகு கைவிடுவதும் அநீதிதான்.

இருந்தாலும் தரம் 11 பிள்ளை அடுத்த வருடம்வரை காத்திருக்காது. ஆகவே போடத்தான் வேண்டும் என்றால் வகுப்பு நேரத்தில் போடாதேங்கோ. பாடசாலை விட்ட பிறகு, கிழமைக்கு மூன்று நாள் ஒன்றரை மணித்தியாலம், தரம் 10, 11 க்கு. இன்ன மாதம் தொடங்கி இன்ன மாதம் முடியும் என்று எழுத்தில் கொடுங்கோ. அப்போது நேரசூசியில் வெற்றிடம் வெற்றிடமாகவே தெரியும். காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வந்து, பற்றுச்சீட்டோடு போக வேண்டும், யாருடைய சொந்தக் கணக்குக்கும் அல்ல. பெற்றோரிடம் இதற்கென்று கட்டாயப் பணம் வாங்கக்கூடாது. கட்ட முடியாத பிள்ளை அந்த வகுப்புக்கு வெட்கத்தில் வராது, யாருக்காகத் தொடங்கினோமோ அந்தப் பிள்ளைதான் முதலில் வராமல் நின்றுவிடும்.

பழைய மாணவர்களுக்கு உண்மையாகவே உதவ ஆசை என்றால், கரையோரத்துக்கு ஆசிரியர்கள் வர மறுப்பதற்கான காரணத்துக்குச் செலவழிக்கச் சொல்லுங்கோ. தங்குவதற்கு மலசலகூடத்தோடு ஒரு அறை, பூட்டக்கூடிய கதவு, கடைசி பஸ் போய்விட்டால் இரவுக்கு ஒரு சாப்பாட்டு ஒழுங்கு. அவர்கள் பொதுவாக விரும்புவது நுழைவாயில் வளைவும் பெயர் பொறித்த கல்லும் திறன்பலகையும். திறன்பலகைக்கு முன்னால் நிற்க ஆள் வேண்டுமே.

முருங்கையடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொப்பி எண்ணுகிற வேலையைத் தரம் 9, 10, 11 இல் இருந்து தொடங்குகிறோம். ஒரு சந்தேகம். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதைக் கதைக்க வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். நல்லதா?

வெள்ளைச் சோக் எழுதியது:

நல்லதுதான், ஆனால் முதல் அடியாக வேண்டாம் அக்கா. அங்கே அரசியல்வாதிகள் இருப்பார்கள், கமெராவும் இருக்கும். கல்வி அலுவலரை எல்லோர் முன்னிலும் மடக்கினால் அன்றைக்குக் கைதட்டல், அடுத்த நாள் அதிபருக்கு விளக்கக் கடிதம். கடிதம் கொடுத்து ஒரு மாதம் பதில் இல்லை என்றால், பிரதேச செயலாளருக்கு எழுதி நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல்லுங்கோ. கூட்டத்துக்கு இரண்டு நாளுக்கு முன் வலயத்துக்கும் அதைத் தெரிவியுங்கோ. அப்படி முன்கூட்டியே சொன்னால், கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டி வருமே என்று அதற்கு முதலே ஆளை அனுப்புகிற வாய்ப்பு அதிகம்.

தரம் 9 இல் இருந்து தொடங்காதேங்கோ, 6 இல் இருந்து தொடங்குங்கோ. முற்றத்து வேம்பு சொன்னதற்காக மட்டுமல்ல. தரம் 6 கொப்பியில்தான் வெறும் பக்கம் அதிகம் இருக்கும்.

கணக்கன் எழுதியது:

கொப்பி எண்ணும்போது திகதி இல்லாத பக்கங்களை விட்டுவிடுங்கோ, ஊகித்துப் போடாதேங்கோ. ஒரு எண் பிழை என்று அவர்கள் காட்டினால் மற்ற எல்லா எண்ணையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். பிள்ளை ரியூசனில் செய்த கணக்கும் சில நேரம் அதே கொப்பியில் இருக்கும், பிள்ளையிடம் கேட்டுப் பிரித்து எடுங்கோ.